எல்லோர் சார்பிலும்

ஜனவரி 11, ஞாயிறு

நலச்சங்கக் கூட்டம். பேசவேண்டிய பொருள், ஒலிபெருக்கி. மார்கழி என்பதால் பிள்ளையார் கோவில் குழாய் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பள்ளிவாசல் குழாய் எங்கள் தெருவைப் பார்த்துக் கட்டியிருக்கிறது. சர்ச்சில் போன மாதம் முழுக்க ஆராதனை. எல்லோருக்கும் காது வலி. ஆனால் எல்லோரும் அடுத்தவர் குழாயைப் பற்றித்தான் பேசினார்கள். பக்கத்து வீட்டுக் கமால் மைதீன் அண்ணன் ஒருவர்தான் எழுந்து, பள்ளிவாசல் குழாய் என் தலைமாட்டிலேயே இருக்கிறது, சங்கத்திலிருந்து எழுதிக்கொடுத்துத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள் என்றார். புதிதாகக் குடிவந்திருக்கிற இரண்டாம் தெருக்காரர் உடனே, "அத ஒங்க ஆளுகட்ட போய்ச் சொல்லுங்க பாய். எங்ககிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?" என்றார். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். பிறகு வடை வந்தது.

எனக்கு வடை இறங்கவில்லை. அண்ணன் மனைவி ஜொகராவும் நானும் ஒரே வருஷம் இந்தக் காலனியில் வீடு கட்டி வந்தவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் என் பிள்ளைகள் இரண்டும் அவள் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தன. அண்ணனை ஒருவன் அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

இதை இப்படியே விடக்கூடாது என்று காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஜொகரா வீட்டுக்குப் போனேன். எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் போவேன். இன்று விஷயம் பெரியது என்பதால் முன்வாசலில் நின்று அழைப்புமணி அடித்தேன். இரண்டு பேரையும் உட்காரவைத்து, "நேத்து நடந்ததுக்கு எங்க ஆளுக எல்லார் சார்பிலும் நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். குரல்கூடத் தழுதழுத்தது.

அண்ணன் தரையைப் பார்த்தார். ஜொகரா, "உக்காருங்க டீச்சர்" என்று உள்ளே போனாள். பூப்போட்ட கோப்பையில், சாசரோடு டீ வந்தது. இத்தனை வருஷம் சில்வர் டம்ளரில்தான் கொடுத்திருக்கிறாள். மரியாதையாக நடத்தினாள். விஷயம் சுமுகமாக முடிந்தது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வழக்கம்போல் அடுத்த வீட்டுக்குத் தட்டு நிறைய அனுப்பினேன். தட்டைக் கழுவி, துடைத்து, வெறுமனே திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒரு பிடி சீனிகூட இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறும் தட்டு போய் நான் பார்த்ததில்லை.

வீட்டில் சீனி தீர்ந்திருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

அடுத்த வீட்டு வாசலில் "விற்பனைக்கு" என்று ஒரு அட்டை தொங்குகிறது. சென்னையில் இருக்கிற மகன், இனிமேல் அங்கே எதற்கு இருக்கிறீர்கள், வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டானாம். இதை எனக்குச் சொன்னது பால்காரர். ஜொகரா வீட்டுச் செய்தியைப் பால்காரர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடக்காமலேயே, "போய்க் கேக்க வேண்டியதுதான" என்றார். நான் எதற்குக் கேட்க வேண்டும். அவரவர் வீடு, அவரவர் இஷ்டம்.

ஜனவரி 19, திங்கள்

காலனியில் சர்வசமயக் கலந்துரையாடல் ஒன்று நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். மக்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும். இதற்கும் அடுத்த வீட்டு அட்டைக்கும் சம்பந்தம் இல்லை. சங்கத் தலைவர் வள்ளிநாயகத்திடம் சொன்னேன். "ரொம்ப நல்ல விஷயம் டீச்சர். நீங்களே எல்லாத்தையும் பாத்துக்கிடுங்க. தலைமை மட்டும் நான்" என்றார்.

ஜனவரி 22, வியாழன்

பிள்ளையார் கோவில் குருக்களிடம் போனேன். பள்ளிவாசல் இமாமோடு உட்காரச் சம்மதமா என்றேன். "பேஷா. எனக்குச் சின்ன வயசிலேருந்து தெரிஞ்சவர்" என்றார். பாஸ்டரோடு? "தாராளமா." பெருமாள் கோவில் பட்டரோடு? குருக்கள் முகம் மாறிவிட்டது. ஆற்றில் தீர்த்தவாரிக்கு யார் சாமி முதலில் இறங்குவது என்பதில் அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது. "அவன் வந்தா நான் எழுந்து போயிடுவேன்" என்றார்.

பெரிய பள்ளிவாசல் இமாம் குருக்களைத் தங்கமானவர் என்றார். புதுப் பள்ளிவாசல் இமாம் பெயரைச் சொன்னதும் தஸ்பீஹ் மணிமாலையை வேகமாக உருட்ட ஆரம்பித்தார். பிறை பார்த்த விஷயத்தில் தகராறாம். பாஸ்டர் எல்லா மதத்தாரோடும் வருவார். அவர் சபைச் செயலாளர் மட்டும் மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த ஊரில் மதங்களுக்கு நடுவில் ஒரு சண்டையும் இல்லை. சண்டை முழுக்க அதது அததற்குள்ளேதான்.

இன்று தரகர் ஒருவர் அடுத்த வீட்டை அளந்து பார்த்தார். நான் பார்க்கவில்லை. தற்செயலாக மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 24, சனி

கணக்கு டீச்சர் என்றால் சும்மாவா. வட்டமாக உட்காரவைத்துவிட வேண்டியது. பாஸ்டர், குருக்கள், பெரிய பள்ளி இமாம், பட்டர், புதுப் பள்ளி இமாம், மறுபடி பாஸ்டர். யாருக்குமே பக்கத்தில் சொந்த மதத்துக்காரர் கிடையாது. ஐந்து பேரிடமும் படம் வரைந்து காட்டினேன். ஐந்து பேரும் நிம்மதியாகச் சம்மதித்தார்கள்.

தேதிதான் இழுத்தது. கடைசியில் பிப்ரவரி 27 வெள்ளி, காலை பத்து மணி என்று முடிந்தது. ஜும்மாவுக்கு முன்னால் பேச்சு, தொழுகை முடிந்து எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. "வடை பாயசத்தோட" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒவ்வொருவரும் புன்னகைத்தார்கள். எனக்கென்னவோ அந்தப் புன்னகை ஒரே மாதிரி இருந்ததாகத் தோன்றியது.

பிப்ரவரி 3, செவ்வாய்

நோட்டீஸ். யார் பெயர் மேலே என்று மூன்று நாள் போன் வந்தது. பெயர்களையும் வட்டமாகவே அச்சடித்துவிட்டேன். அச்சகத்துக்காரர், "தாம்பாளத்துக்கு ஸ்டிக்கரா டீச்சர்?" என்று கேட்டார். குருக்கள் நோட்டீஸை வாங்கித் தம் பெயர் மேலே வரும்படி திருப்பிவைத்துப் படித்தார். பெரிய பள்ளி இமாமும் அப்படியே. எல்லோருக்கும் திருப்தி.

குத்துவிளக்கு ஏற்றலாமா என்று கேட்டு அது வேண்டாம் என்றானது. பதிலாக மரக்கன்று நடுவது. வள்ளிநாயகம், "எந்த மரம்? வேம்புன்னா அம்மனுக்கு, அரசுன்னா பிள்ளையாருக்கு, பேரீச்சைன்னா அவங்களுக்குன்னு ஆயிரும் பாத்துக்கிடுங்க" என்று பயமுறுத்தினார். கறிவேப்பிலை என்று முடிவு. கறிவேப்பிலை எல்லோர் குழம்பிலும் மிதக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

கமால் மைதீன் அண்ணனை, இஸ்லாமியக் குடும்பங்களின் பிரதிநிதியாக இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டேன். அண்ணன் உள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஜொகரா குரல் வந்தது. "அவுக யாருக்கும் பிரதிநிதி இல்ல. பஸ் டிப்போல கணக்கப்பிள்ளையா இருந்து ரிட்டயர் ஆனவுக. அவ்வளவுதான்னு டீச்சர்ட்ட சொல்லுங்க."

இவ்வளவு நல்ல காரியத்துக்குக்கூட ஒத்துழைப்பு இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்த அம்மாள் என் வீட்டு முருங்கை மரத்தை முறைத்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று சாயங்காலம் பள்ளிவாசல் சங்கு ஊதியது. எதற்கு என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நோன்பு ஆரம்பித்துவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும். நான் வேலையில் இருந்தவரை ரம்ஜான் நோன்பென்றால் கோடைதான். பரீட்சை பேப்பர் கட்டோடு கட்டாக நோன்புக் கஞ்சியும் மேஜையில் இருக்கும். காலண்டரிலும் ரம்ஜான் என்று மார்ச்சில்தான் சிவப்பாகப் போட்டிருக்கிறான். அது சாப்பிடுகிற நாள். சாப்பிடாத நாளை ஜொகராதான் சொல்லுவாள். "ஏட்டி, நாளையிலருந்து நோன்பு, முருங்கக்கீர பறிச்சு வை" என்று சுவருக்கு மேலே தலை தெரியும். இந்த வருஷம் தலையும் தெரியவில்லை, கஞ்சியும் வரவில்லை.

அழுதேன் என்று எழுதுவதில் என்ன வெட்கம். அழுதேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

காலையிலேயே பெரிய பள்ளி இமாமிடம் ஓடினேன். தெரிந்தே எதற்குச் சம்மதித்தீர்கள் என்றேன். "நீங்க வட பாயசம்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க. எப்படிம்மா இல்லன்னு சொல்ல? நாங்க சும்மா உக்காந்திருக்கோம். அவுகள்லாம் சாப்பிடட்டும்" என்றார்.

சரி, அவர்களாவது சாப்பிடட்டும் என்று பாஸ்டரிடம் போனேன். லெந்து காலம், அவர்களுக்கும் நோன்பு. வெள்ளிக்கிழமை முழு உபவாசம். "மத்தவங்க சாப்பிடும்போது நான் ஜெபத்துல இருந்துக்கிடுதேன் சிஸ்டர்."

குருக்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு வேளைதான். போகிற வழியில் பட்டரைப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்பே, "அன்னிக்கு ஏகாதசிம்மா. பச்சைத்தண்ணிகூடக் கிடையாது. ஆனா நீங்க ஆசையா ஏற்பாடு பண்ணினேள், எதுக்குக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்" என்றார்.

மூன்று மதமும் ஒரே நாளில் பட்டினி கிடக்கிற ஒரு தேதியைத் தேடிப்பிடித்து, அன்றைக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு வைத்திருக்கிறேன். ஐந்து பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு மரியாதை இருந்தால் எவன் எவனைப் புரிந்துகொள்வது?

பிப்ரவரி 21, சனி

வீட்டுக்காரர் பேப்பரை மடக்கிவைத்தார். அபூர்வம். "எல்லாரும் பட்டினின்னா, எல்லாரும் பசியோடதான இருப்பாக. சாயங்காலத்துக்கு மாத்து. நோன்பு திறக்க நேரத்துக்கு எல்லாருக்கும் கஞ்சி குடு."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் சொன்ன உருப்படியான யோசனை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சமையல்காரரிடம் போன் செய்து, வடையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றி நோன்புக் கஞ்சி செய்யமுடியுமா என்றேன். "புளியோதரை வேணா செய்யலாம் டீச்சர்" என்றார்.

காலனியில் அத்தனை பேருக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த கை ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 23, திங்கள்

போனேன். முன்வாசல் வழியாகவே. ஜொகரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மூன்று மதமும் பட்டினி என்கிற இடத்தில் அவள் வாய் கோணியது. சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தன பேருக்கு டீச்சர்?"

"நூறு பேராவது வருவாங்க."

"நோன்பு வச்சவங்களுக்குக் குடுக்கது நன்மை. அதுக்காகச் செய்யுதேன். ஒங்களுக்காக இல்ல. மறுநா சனிக்கிழம சங்கரன்கோவில்காரங்க அட்வான்ஸ் குடுக்க வாராங்க. அதுக்குள்ள பாத்திரத்தக் கழுவிக் குடுத்திரணும்."

சனிக்கிழமை. சரி என்று வந்துவிட்டேன். கேட்டைச் சாத்தக்கூட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

நடந்துவிட்டது. கை வலிக்கிறது, ஆனாலும் எழுதவேண்டும்.

மதியமே மண்டபத்துப் பின்கட்டில் அடுப்பு. நான் தேங்காய் திருவினேன். ஜொகரா "இஞ்சி", "வெந்தயம்", "தள்ளி நில்லுங்க" தவிர எதுவும் பேசவில்லை. ஒரு தடவை மட்டும் நான் திருவியதைப் பார்த்து, "சிரட்டயயும் சேத்துத் திருவுதீங்க" என்றாள். எனக்கு அதுவே பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்கு ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அப்போதுதான் என் கணக்கில் இருந்த பிழை தெரிந்தது. வட்டத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கமுடியாது. எதிரே இருப்பவரைத்தான் பார்த்தாக வேண்டும். குருக்களுக்கு எதிரே பட்டர். பெரிய பள்ளிக்கு எதிரே புதுப் பள்ளி. முதல் அரைமணி நேரம் அன்பைப் பற்றி ஐந்து பேரும் கூரையைப் பார்த்துப் பேசினார்கள். வள்ளிநாயகம் தலைமையுரையில், எல்லா நதியும் கடலில் கலப்பதாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர், நம்ம ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கே வரவில்லை என்று எழுந்தார். உட்காரவைத்தோம்.

பிறகு பசி வேலை செய்ய ஆரம்பித்தது. பேச்சுக் குறைந்தது. பட்டர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கு நாளைக் காலை வரை சாப்பாடு கிடையாது, அவசரம் இல்லை. குருக்கள் எதிரே பார்த்து, "போதும் ஓய், சுருக்கிக்கும்" என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. பட்டர் சிரித்துவிட்டார்.

நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் புதுப் பள்ளி இமாம் பேரீச்சம்பழத்தை எடுத்தார். பெரிய பள்ளி இமாம் தம் கைக்கடிகாரத்தைக் காட்டி, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது என்றார். இல்லை ஆகிவிட்டது. இல்லை ஆகவில்லை. நூறு பேர் கையில் கிண்ணத்தோடு காத்திருக்கிறோம். பாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அடுப்படி வாசலிலிருந்து ஜொகரா கரண்டியோடு வந்து நின்று, "நேரம் ஆயிட்டு. ரெண்டு அசரத்தும் குடிங்க, கஞ்சி ஆறுது" என்றாள். இரண்டு இமாம்களும் குடித்தார்கள்.

இரண்டாம் தெருக்காரர் மூன்றாம் தடவை கிண்ணத்தை நீட்டியபோது பரிமாறிக்கொண்டிருந்தவர் கமால் மைதீன் அண்ணன். "ஒங்க ஆளுகளுக்கும் ஒரு தூக்குல கொண்டு போங்க" என்று ஊற்றினார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டார். பிறகு, போகும்போது, பள்ளிவாசல் குழாயைத் திருப்பிக் கட்டுவதற்குத் தானும் வந்து ஏணி பிடிப்பதாகச் சொன்னார்.

நன்றியுரை நான். எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். "இஸ்லாமியச் சகோதரிகள் சார்பில் நமக்குக் கஞ்சி வழங்கிய திருமதி ஜொகரா அவர்களுக்கு, இந்துப் பெருமக்கள் சார்பில்" என்று ஆரம்பித்து, ஏற்ற இறக்கத்தோடு முடித்தேன். நல்ல கைதட்டல். திரும்பிப் பார்த்தபோது ஜொகரா இல்லை. பாத்திரங்களையும் காணோம்.

பிப்ரவரி 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தரகரும் சங்கரன்கோவில் தம்பதியும் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் மறுபடியும் முருங்கையைப் பார்த்தாள். ஜொகரா கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவர்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நேராக என் கேட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி பிரமு. நேத்து மைக்கப் பிடிச்சு என்னட்டி சொன்ன?"

"நன்றிதான சொன்னேன்."

"எந்தச் சகோதரிக சார்பில நான் கஞ்சி காச்சினேன்? எவ வந்து அடுப்பு ஊதினா? கையப் பாரு, கொப்புளம். இது யார் சார்பிலட்டி வந்துது? தேங்கா திருவினது நீ. அதையாது ஒழுங்காத் திருவினியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் பட்டுச்சேலயக் கட்டிக்கிட்டு, ஆப்பிளத் தூக்கிக்கிட்டு, முன்வாசல்ல வந்து மணி அடிச்ச. எங்க ஆளுக சார்பில மன்னிப்புன்ன. அந்த ரெண்டாந்தெருக்காரன் எவன்னே எனக்குத் தெரியாது. அவன் சொன்னத அன்னைக்கே தொடச்சுப் போட்டுட்டேன். நீ வந்து சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தக் கெடுத்துது. அவன் ஒன் ஆளுன்னா, நான் யாருட்டி?"

கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் என் கால்மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. ஒன்றரை மாதமாக ஊரெல்லாம் அலைந்து, ஐந்து பேரை வட்டமாக உட்காரவைத்து, எது எங்கே இடறியது என்று தேடிக்கொண்டிருந்தேன். இடறியது என் வாயில் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று நானும் கத்தினேன்.

"பொங்கலுக்குத் தட்ட வெறுமன அனுப்பினியே, அது மட்டும் நல்லாவா இருந்துது? கஞ்சி வேணும்னு நான் வந்து நின்னப்ப எத்தன பேருக்கு டீச்சர்னியே? டீச்சராம் டீச்சர்."

"சவத்து மூதி, நீதான அழைப்புமணி அடிச்ச. மணி அடிக்கவளுக்கு டீச்சர்தான்."

பிறகு என் மகன் கல்யாணத்தில் அவளை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தது, அவள் வீட்டுக் கோழி என் கீரைப்பாத்தியைக் கிளறியது, நான் எப்போதோ அவளிடம் இரவல் வாங்கிய இட்லிக்கொப்பரை என்று எல்லாம் வந்தது. சங்கரன்கோவில் அம்மாள் கணவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜொகரா அதைக் கவனித்தாள். கவனித்த பிறகு அவள் குரல் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"நீங்க பயப்படாண்டாம்மா" என்று அந்த அம்மாளிடம் திரும்பினாள். "இவ தெனமும் இப்படித்தான். விடிஞ்சா கத்த ஆரம்பிச்சிருவா. நாங்க பழகிட்டோம். நீங்களும் போகப்போகப் பழகிக்கிடுவீங்க."

இது அபாண்டம். நான் கத்துகிறவளே அல்ல. அதை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டுச் சொன்னேன்.

ஆட்டோ திரும்பிப் போனது. தரகர் மட்டும் நின்று, "ரெண்டு பேருமாச் சேந்து என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். என் வீட்டுக்காரரும் கமால் மைதீன் அண்ணனும் ஏற்கெனவே எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்கு ஒரு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜொகரா மூச்சு வாங்கினாள். "நோன்பு வச்சிக்கிட்டு இருக்கவள எப்படிக் கத்தவச்சிட்ட பாரு." பிறகு திரும்பி நடந்து, வாசலில் தொங்கிய அட்டையைக் கழற்றினாள்.

"மகன் கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன்.

"இப்படி ஒருத்திய பக்கத்து வீட்ல வச்சிக்கிட்டு எவன் இந்த வீட்ட வாங்குவான்னு சொல்லுதேன்."

மார்ச் 1, ஞாயிறு

வள்ளிநாயகம் போன் செய்தார். கலந்துரையாடலைப் பற்றி ஊரே பேசுகிறதாம், வருஷாவருஷம் நடத்தலாமாம், தலைமை அவர்தானாம். பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். எனக்கு நேரம் இல்லை. இட்லிக்கொப்பரை விஷயத்தில் ஜொகராவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது வேண்டாம், பசியோடு கத்தமுடியவில்லை, நோன்பு திறந்த பிறகு வா என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லியிருக்கிறாள்.